சொந்த ரவுட்டர்

"எப்பம்மா வர்ற?" என்று மேஸ்திரி கேட்டதும், போனில் மகளின் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி, அடையாள அட்டைப் போட்டோ மாதிரி. பிறகு இணைப்பும் அறுந்தது. 'நெட் சரியில்லப்பா, அப்புறம் பேசுறேன்' என்று எழுத்தில் வந்தது.

மகள் வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பேச்சு. சாப்பாடு, சளி, முதலாளியின் சிடுசிடுப்பு எல்லாம் தெளிவாக வரும். கொஞ்ச நாளாக அந்த ஒரு கேள்விக்கு மட்டும் படம் நின்றுவிடுகிறது.

"நெட் கம்பெனிக்காரன் குடுத்த ரவுட்டர் பெட்டிதான் கோளாறு. ஓசிப் பெட்டி வேற எப்படி இருக்கும்?" என்றார் மேஸ்திரி.

"அதுல இத்தனை நாள் நல்லாத்தானே பேசினீங்க?" என்றாள் மனைவி.

மறுநாளே நாலு கொம்பு முளைத்த சொந்த ரவுட்டரோடு வந்தார். பழைய பெட்டியைப் பிடுங்கிப் பரணில் எறிந்தார். புதியதைச் சொருகினால், பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. பாதிப் பேச்சாவது வந்துகொண்டிருந்த வீட்டில் இப்போது அதுவும் போச்சு.

கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சொந்த ரவுட்டர்னா எங்க பாஸ்வேர்ட அதுல ஏத்தணும் சார். ஆள் வருவாங்க."

"எப்ப?"

"வருவாங்க சார்."

"என் பொண்ணும் முதல்ல இப்படித்தான் சொல்லிட்டிருந்தா" என்று போனை வைத்தார்.

ஆள் வரவில்லை. ரவுட்டர் விற்ற கடைக்காரரைக் கேட்டார். அவர் தன் பங்குக்கு, "சுவர் கனமா இருந்தாலும் சிக்னல் உள்ளயே நின்னுடும் மேஸ்திரி" என்றார்.

பெட்டி இருந்தது மகளின் அறையில். மேஸ்திரி உட்கார்ந்து பேசுவது கூடத்தில். நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். மகள் படிக்கும்போது டிவி சத்தம் உள்ளே போகக்கூடாதென்று அவரே நின்று கட்டியது. சுத்தியலையும் உளியையும் எடுத்தார்.

"ஏங்க, நாற்காலியத் தூக்கி அவ ரூமுக்குள்ள போட்டுப் பேசினா ஆகாதா?"

"அவ இல்லாத ரூம்ல நான் உட்கார மாட்டேன்."

"அதுக்காக வீட்டையா இடிப்பீங்க?"

"நான் கட்டினது. நானே இடிச்சுக்கிறேன்."

பொழுது சாய்வதற்குள் சுவரில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை விழுந்தது. அதன் வழியே மகளின் கட்டில் தெரிந்தது. மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்காமல் செங்கல்லை அள்ளினார். ரவுட்டரில் சிவப்பும் அணைந்திருந்தது. மின்சார வயரோடு கம்பெனி வயரையும் உளி சேர்த்தே வெட்டியிருந்தது.

ஞாயிறன்று, மேஸ்திரி இன்னும் சுவர்த் தூசியை அள்ளிக்கொண்டிருந்தபோது, ஒருவழியாக லைன்காரத் தம்பி வந்தான். ஓட்டையைப் பார்த்தான்.

"என்னங்கய்யா, வீட்ட இடிக்கிறீங்களா?"

"சிக்னலுக்கு வழி விட்டேன்."

"வயரையும்ல வழியனுப்பி விட்டிருக்கீங்க."

முனகிக்கொண்டே இரண்டு வயரையும் ஒட்டினான். பாஸ்வேர்டை ஏற்றினான். பச்சை எரிந்தது.

"இப்பப் பேசிப் பாருங்க. அறுந்தா என்னைக் கேளுங்க."

மகள் வந்தாள். அவ்வளவு தெளிவு. நெற்றிப் பரு வரை தெரிந்தது.

"ரூம்ல வேகுதுப்பா, புதுசா ஃபேன் வாங்கினேன். பின்னாடி பாருங்க. என்னப்பா, தலையெல்லாம் வெள்ளையா இருக்கு?"

"தூசும்மா. உன் ரூம் சுவர ஒடச்சிட்டேன். இனிமே படம் நிக்காது."

"சுவரையா? எதுக்குப்பா?"

"அத விடு. எப்பம்மா வர்ற?"

மகளின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

மேஸ்திரி போனைத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாத்தியா, உன் லைன் லட்சணத்த?"

தம்பி உற்றுப் பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"லைன்ல ஒரு குறையும் இல்லைங்கய்யா. பின்னாடி ஃபேன் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு."