பல்லில் மாட்டாத கடல்

கடலோர ஊர்களில் இந்த இனத்தைத் தேடாதீர்கள். அங்கே அவரவருக்கு வலை இழுக்கவே நேரம் போதாது. கடல் போட்டோக்காரர் என்பவர் கடலை விட்டு நன்றாகத் தள்ளி, மதுரை போன்ற ஊரில்தான் செழித்து வளர்வார்.

கே.கே. நகர் ஞானசீலன் சார் அப்படி வளர்ந்தவர். பள்ளியில் பூகோளம், மற்ற நேரமெல்லாம் சமுத்திரம். அமைதியான கடலை அவர் மதிப்பதில்லை. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று ரேடியோ எச்சரித்தால் போதும், அதைத் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டு, கேமராவைப் பாலிதீன் பையில் சுற்றி, பையைத் துண்டில் சுற்றி, ராமேஸ்வரம் ரயிலைப் பிடிக்க ஓடுவார். லீவு கிடைக்காத நாளில் கிணற்றடியில் பயிற்சி. அவர் கேமராவோடு குந்திக்கொள்ள, மனைவி தெரசா வாளித் தண்ணீரை முகத்தில் வீச வேண்டும்.

"அலை இம்புட்டு மெதுவாவா வரும்? கோவமா ஊத்து தெரசா!"

கோபத்துக்கா பஞ்சம்? ஊற்றினாள்.

ஒரு புயல் வாரத்தில் மண்டபம் கடற்கரையிலிருந்து நனைந்த கோழியாய் வந்து இறங்கினார். படகை ஒட்டி இரண்டு ஓங்கில்கள் துள்ளினவாம்.

"அது என்ன மீன் சாரே?" என்றார் பக்கத்து வீட்டு விருமாண்டி.

"மீனில்லப்பா, டால்பின்னு சொல்வாங்கல்ல, குட்டி போட்டுப் பால் குடுக்கிற சாதி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மாதா கோயில் ஹாலுக்கு வாங்க, படம் காட்டுறேன். முப்பத்தாறு படச் சுருள்ல நாப்பத்தி மூணு எடுத்திருக்கேன்!"

"அதெப்படிங்க?" என்றாள் தெரசா.

"சிக்கனமாச் சுத்தினா வரும்."

அவளுக்கும் அந்த ஞாயிறு முக்கியம். 'தண்ணியப் படம் பிடிச்சே காசைக் கரைக்கிற மனுசன்' என்று சமயநல்லூர்த் தங்கை ஆனிமேரி பல காலமாகச் சொல்லிவருகிறாள். தெரசா அவளையும் அழைத்திருந்தாள்.

சனிக்கிழமை ஸ்டூடியோ முத்திருளன் சுருளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். பளிங்கு மாதிரி இருந்தது.

"பிலிம், கேமராச் சக்கரத்துப் பல்லுல மாட்டவே இல்ல சாரே. நீங்க எம்புட்டுச் சுத்தியும் அது நின்ன எடத்துலயே நின்னிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்தது. படங்களைக் குத்தி மாட்ட வேண்டிய வெள்ளைப் போர்வை மட்டும் தொங்கியது. ஆனிமேரியின் உதடு கோணத் தொடங்கியதைத் தெரசா பார்த்தாள். ஏதாவது பேசுங்களேன் என்று மனதுக்குள் மன்றாடினாள்.

"படம் விழலை" என்றார் சார். தொண்டையைக் கனைத்தார். "ஆனா அலை இருக்கே..." கைகளைத் தூக்கினார், இரைந்தார், சாய்ந்தார், மேசை மேலேயே ஏறிவிட்டார். முன்வரிசைக்காரர்கள் நனைந்துவிடாமல் காலை மடக்கிக்கொண்டார்கள். வீட்டில் இரண்டாக இருந்த ஓங்கில்கள் ஹாலில் ஒரு மந்தையாகியிருந்தன. தெரசா எண்ணுவதை விட்டுவிட்டுக் கை தட்டினாள்.

"யாத்தே! போட்டோவுல பார்த்தாக் கூட இம்புட்டு பயமா இருந்திருக்காது அத்தான்" என்றாள் ஆனிமேரி.

அடுத்த முறை சார் பிலிமைச் சரியாக மாட்டிக்கொண்டு போய், நிஜமாகவே படம் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. "இந்தா, இதான் ஓங்கில்!" விருமாண்டி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை உள்ள வச்சிட்டு, மேசை மேல ஏறுங்க சாரே."

சிரிக்கிறீர்களா? கடலோ மலையோ, வந்த விருந்தாளி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க, 'இதோ, இதுதான்' என்று நீங்கள் விரல் வைத்துக் காட்டும் படம் ஒன்று உங்கள் ஆல்பத்திலும் இருக்கும். ஒரு தடவை விரலை எடுத்துவிட்டு, வாயால் சொல்லிப் பாருங்களேன்.