இரணியனுக்கு அடியில் நரசிம்மர்

நான் கடவுளாக இருந்திருக்கிறேன். மொத்தம் கால் மணி நேரம். அதற்குமேல் உடம்பு தாங்கவில்லை.

மொரப்பூர் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய இரணியன் கூத்து நடக்கும். மாமாதான் எப்போதும் இரணியன். நூறு கிலோ இருப்பார் (மீசை தனி). அவர் மகள் செல்வியைப் பெண் கேட்டுப் போனேன். மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வருசம் சிங்க மொகத்த நீ கட்டு. என்னத் தூக்கி மடியில போடு. அப்பறம் பேசலாம் மாப்ள."

அப்போது என் எடை நாற்பத்தெட்டு. அறிவு அதைவிடக் குறைவு. "ஆவட்டுங்க மாமா" என்றேன்.

விடிந்து வெயில் ஏறும்போது இரணியன் சாக வேண்டும். காகிதத் தூணைக் கிழித்துக்கொண்டு குதித்தேன். அதுவரை சரி. மாமாவைத் தூக்கினேன் (பேச்சுக்குச் சொல்கிறேன்). மடியில் போட நான் உட்கார்ந்த பெஞ்சு உடைந்தது. நான் கீழே. அவர் என் நெஞ்சின்மேல் மல்லாக்க.

"மாமா, எந்திரிங்க."

"செத்தவன் எப்படிரா எந்திரிப்பான்? சாமிக்குக் கற்பூரம் காட்டோணும். அது வரைக்கும் அசையக் கூடாது. சும்மா கெட."

கற்பூரம் பூசாரியிடம். பூசாரி டீக்கடையில்.

கத்தினேன். முகமூடிக்கு வெளியே அது உறுமலாகக் கேட்டது. காலை உதறினேன். "அருள் வந்திருச்சு!" என்று நாலு பேர் பாய்ந்து அழுத்திப் பிடித்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மூக்குக்குள் போனது. பக்திக்கும் ஒரு அளவு வேண்டும்.

பக்கத்துக் கொல்லை மாதப்பன் அண்ணன் காதருகே குனிந்தார். "சாமி, மேக்கால போர் போட்டா தண்ணி வருங்களா?"

"ஆங்... ஆங்..." மூச்சுக்குத் தவித்தேன்.

"வருதாமா!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செல்விதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து முகமூடியைப் பிடுங்கினாள். "அருளுமில்ல ஒண்ணுமில்ல. உசுரு போவுது. எந்திரிப்பா!"

செத்த இரணியன் எழுந்தார். சாமி குத்தம் என்று ஊரே அவளைத் திட்டியது. நான் செத்திருந்தால் குத்தமில்லை போல.

மறுநாள் மாமா வந்தார். "சாமி மொகத்தப் புடுங்குனவள இனி எவன் கட்டுவான்? நீயே கட்டிக்க."

கட்டிக்கொண்டேன்.

மாதப்பன் அண்ணன் எழுநூறு அடி போட்டார். புழுதி வந்தது. இன்றும் வழியில் பார்த்தால் கும்பிடுகிறார். "தண்ணி எப்பங்க சாமி வரும்?"

வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும். செல்வி அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பாள்:

"என்ன, கற்பூரம் கொண்டாரட்டா? இல்ல, அப்பனக் கூப்புடட்டா?"