டொறத்தியின் முழங்கால்

ஒருவன் முப்பத்தெட்டு வருடம் ஒரு தேத்தண்ணிகூடப் போடாமல் குடும்பம் நடத்துவதற்குத் திறமை வேண்டும். எனக்கு இருந்தது. கேத்தல் எங்கே என்று கேட்பேன். தேயிலை எந்தப் போத்தலில் என்று கேட்பேன். சீனி எங்கே என்று கேட்பதற்குள் என் மனைவி டொறத்தியே எழும்பிப் போட்டுவிடுவாள்.

அந்த வருடம் தபசு காலம் நெருங்கியது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் வழக்கமாக நான் இறைச்சியை விட்டுவிடுவேன். மன்னாரில் பிறந்த எனக்கு மீன்தான் உயிர் என்பது கடவுளுக்குத் தெரியும். அவர் பொறுத்துக்கொண்டார். டொறத்தி பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, இந்த முறை இறைச்சியை விட வேண்டாம்."

"பின்னை?"

"காலமையில எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாங்கோ. நாப்பது நாளும்."

"அது ஒறுத்தல் இல்லையப்பா. அது வேலை."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்டுதானே."

நாற்பது நாள் போட்டவனை நாற்பத்தோராம் நாள் யார் விடுவார்கள்? இதிலிருந்து தப்புவதென்று அன்றே தீர்மானித்தேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நாளே வழி வேலிக்கு மேலால் வந்தது. நாங்கள் வந்து குடியேறிய பென்டில் ஹில்லில் எங்கள் பக்கத்து வீடு கிரிஜாவுடையது. கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஒரு நோட்டீசை நீட்டினாள்.

"அங்கிள், இதப் பாருங்க. ஹண்டர் பள்ளத்தாக்குல, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல, ஜப்பான் மாதிரி ஒரு விடுதி. ஆறே ரூம்தான். சத்தமே இருக்காதாம்."

"அப்ப டொறத்தியை உள்ள விடுவினமோ?"

"ஆன்ட்டிக்கு ரெண்டு நாள் ரெஸ்ட் குடுங்க அங்கிள். அப்புறம் அவங்க எதுவுமே கேக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வசனம் மட்டும் என் காதில் தேனாக விழுந்தது. இரண்டு நாள் அவளை மகாராணி மாதிரி வைத்திருந்தால் தேத்தண்ணிக் கதையை மறந்துவிடுவாள். அன்று பின்னேரமே அறை பதிந்தேன். டொறத்தி மறுபேச்சுப் பேசவில்லை. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

விடுதி வாசலில் விடுதிக்காரி குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். நானும் விடவில்லை.

"காணும், நிமிருங்கோ. இடுப்புப் பிடிக்கப் போகுது" என்றாள் டொறத்தி.

செருப்பை வெளியே கழற்றச் சொன்னார்கள்.

"இதுக்கோ ரெண்டரை மணித்தியாலம் கார் ஓடினனீங்கள்? இதைத்தானே நான் வீட்டில சொல்லுறனான்."

அறையில் கட்டில் இல்லை. கதிரை இல்லை. புல்மணம் வீசும் பாய்விரிப்பு. இழுத்துத் திறக்கிற காகிதக் கதவு. அதற்கு அப்பால், பழம் பறித்து முடிந்த திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. நடுவில் முழங்கால் உயர மேசை, அதன்மேல் இரும்புக் கேத்தல், பிடியில்லாத இரண்டு கோப்பைகள்.

"இங்கே நாங்கள் யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய வர மாட்டோம்" என்றார் விடுதிக்காரி. "தேநீரை நீங்களே போட வேண்டும். மெத்தையை அலுமாரியில் இருந்து எடுத்து நீங்களே விரிக்க வேண்டும். அந்தச் சின்ன வேலையில்தான் மனம் அமைதியாகும்."

நான் டொறத்தியைப் பார்த்தேன். அவள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"நிலத்தில இருந்தா எழும்பேலாதப்பா. முழங்கால் பிடிச்சுப் போட்டுது. ஒரு கதிரை கேளுங்கோ."

ஒரேயொரு கதிரை வந்தது. அதில் அவள் இருந்தாள். நான் கீழே, கேத்தலுக்குப் பக்கத்தில்.

"தண்ணியைக் கொதிக்க விடாதேங்கோ. இந்தத் தேயிலை கசக்கும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பக்கத்தில பேப்பரில போட்டிருக்கு. கண்ணாடியைப் போட்டு வாசியுங்கோ."

முதல் கோப்பை குளத்துத் தண்ணி என்றாள். நாலாவது, குளத்தைத் துப்புரவாக்கியிருக்கிறீர்கள் என்றாள். இடையில் மெத்தை விரித்தேன், மடித்தேன், திரும்ப விரித்தேன். பக்கத்துத் தோட்டத்தில் வைன் சுவைக்கப் போவோம் என்று கூப்பிட்டும் பார்த்தேன்.

"பூசையில ஃபாதர் குடிக்கிறது எனக்குக் காணும். நீங்கள் அடுத்த தேத்தண்ணியைப் போடுங்கோ."

இரண்டாம் நாள் மாலை ஒன்பதாவது கோப்பை. கதவைத் திறந்து வைத்திருந்தோம். கொடிகளின் மேல் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. டொறத்தி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்த ஒரு வேலையில் அவளுக்குக் குறை கிடைக்காதது அதுதான் முதல் தடவை. அந்த மௌனத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

தபசு தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது. கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிய டொறத்தி முழந்தாளிட்டாள். கையால் ஒன்றையும் பிடித்துக்கொள்ளவில்லை. பூசை முடியும் மட்டும் அப்படியே நின்றாள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழும்பினாள்.

"முழங்கால்?" என்றேன்.

"சுகமாயிட்டுது" என்றாள். "நாளைக்கு எங்கட வீட்டுத் தேயிலை போடுங்கோ. பால் விட்டு. அரைக்கரண்டி சீனி."

நாற்பத்தோராம் நாளும் போட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் போட்டேன். கடைசி மாதங்களில் அவளால் உண்மையாகவே எழும்ப முடியாமல் போனபோது, அவளுக்கு என் கையால் சரியாகச் செய்து கொடுக்க எனக்கு ஒன்றாவது தெரிந்திருந்தது. வேறு எந்த விடுதியும் மனிதனுக்கு இதைப் பழக்கி அனுப்பாது.

டொறத்தி போய் ஒரு வருடம் ஆகிறது. போன கிழமை கிரிஜா வந்தாள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கைப்பையில் இருந்து ஒரு கடித உறையை எடுத்தாள்.

"ஆன்ட்டி குடுத்தது அங்கிள். நீங்களே டீ போட்டுக் குடுத்து, அது நல்லாவும் இருந்தா, இதக் குடுக்கச் சொன்னாங்க."

"இவ்வளவு நாளும் ஏன் தரேல்லை?"

"நான் வர்றப்ப எல்லாம் உங்க பொண்ணு டிலக்சிதானே டீ போட்டுது. சாப்பாடும் அதுதானே டப்பால கொண்டாருது." உறையை என் முன்னால் வைத்தாள். "அந்த ஜப்பான் நோட்டீசும் ஆன்ட்டி குடுத்ததுதான். வேற ரெண்டு விடுதிக்குப் போன் பண்ணிட்டு வேண்டாம்னுட்டாங்க. அங்க ஆளுங்களே டீ கொண்டு வந்து தருவாங்களாம்."

உறையைப் பிரித்தேன். டொறத்தியின் கையெழுத்து.

'தேத்தண்ணி சரி. இனி மீன் குழம்பு. பிள்ளை எத்தனை நாளைக்குச் சுமக்கும்? முதல் புளியைக் கரையுங்கோ.'

புளி எங்கே என்று கேட்க வாயைத் திறந்துகொண்டே தாளைத் திருப்பினேன்.

'மேல்தட்டில, இடப்பக்கம். கிரிஜாவைக் கேக்காதேங்கோ.'