எண்ட்ரன்ஸ் வகுப்பு மருமகனும் லிங்கப்பன் வீட்டுச் சாப்பாடும்

மைசூர், தேவராஜ மொஹல்லா,
ருதிரோத்காரி வருஷம், ஆவணி மாதம்.

மகா கனம் பொருந்திய மச்சான் கரியப்பன் அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் மல்லப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தேவம்மாவும் மகள் பூவாத்தாளும் மாதேஸ்வரன் புண்ணியத்தில் சுகம். ஹனூரில் தாங்களும் சித்தம்மா அக்காவும் சினை மாடும் சுகந்தானே? என் வெற்றிலை மண்டியைப் பற்றி நானே சொல்லக் கூடாது. அரண்மனை யானைகூட நம் கடைக்கு முன்னால் வந்தால் நடையை மெதுவாக்குகிறது.

நிற்க. என் வீட்டில் தங்கிப் படிக்கிற தங்கள் மகன் காளிதாசை உடனே வண்டி அனுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். எண்ட்ரன்ஸ் என்கிற அந்த வகுப்பு, பள்ளிக்கூடம் முடித்தவனை ஒரு வருஷம் காலேஜ் வாசலில் நிறுத்திப் பழக்குகிற வகுப்பு. புது மாட்டை வண்டியில் பூட்டுமுன் வெறும் நுகத்தடியைக் கழுத்தில் வைத்து நடத்துவோமே, அப்படி. அதை நான் குறை சொல்லவில்லை. குறையெல்லாம் எதிர்க் கடை பாக்கு மண்டி லிங்கப்பன். என் பங்காளிதான், என்ன செய்வது. இந்த ஊரில் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒரு வீடு என்று சோறு போடுவது வழக்கம். சொந்தத் தாய்மாமன் கல் மாதிரி இருக்கும்போது நம் பையனை வியாழக்கிழமைக்குக் கேட்டான். பெரிய மனசு பண்ணி விட்டேன். இப்போது திங்களும் போய்விட்டது, வெள்ளி ஆட்டம் காணுகிறது. அந்த வீட்டில் கௌரம்மா என்று ஒரு பெண் இருக்கிறாள். பங்காளி மகள், அவளும் பையனுக்கு முறைதான். விஷயம் விளங்குகிறதா மச்சான்? பூவாத்தாள் தொட்டிலில் கிடந்தபோதே அவள்தான் மருமகள் என்று அக்கா வாக்குக் கொடுத்தது ஊருக்கே தெரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. அங்கே நெய் என்றால் இங்கே நெய்யும் வெண்ணெயும். அங்கே ஒரு சிம்னி விளக்கு என்றால் இங்கே ரெண்டு. பையன் புஸ்தகத்தைத் திறந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். இங்கிலீஷில் மூன்றாம் புஸ்தகம் பாதிவரை பார்த்தவன் அல்லவா. அப்படியும் போகிறானே என்று போன செவ்வாய்க்கிழமை ஜரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வகுப்புக்கே போய்விட்டேன். என்னைக் கண்டதும் வாத்தியார் எழுந்து நின்றார். முன்னமே நின்றுகொண்டுதான் இருந்தார், ஆனாலும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். அங்கே பார்த்தால், அவர் பாட்டுக்குப் பேசுகிறார், பையன்கள் பாட்டுக்கு எழுதுகிறார்கள். ஒப்பிக்கிறது கிடையாது, குட்டு கிடையாது, பிரம்பு கண்ணிலேயே படவில்லை. காலேஜில் இப்படித்தானாம், அதற்குத்தான் பழக்குகிறாராம். இதில் படிப்பு எங்கே ஏறும்? ஒரு கவுளி வெற்றிலையை மேஜைமேல் வைத்து, தாய்மாமன் உரிமையில் கேட்டுவிட்டேன்: "சாமி, நம்ம காளிதாசுக்கு மட்டும் தினம் ரெண்டு அடி தனியாப் போடுங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

வகுப்பே கைதட்டியது மச்சான். கொஞ்சம் சிரிப்பும் கேட்டது. காளிதாஸ் மட்டும் தன் தலைப்பாகையைக் கண்வரை இறக்கிக்கொண்டான். செவ்வாய் என் கிழமை. ஆனால் அன்றைக்கும் அவன் சாப்பிடப் போனது லிங்கப்பன் வீட்டுக்கு. மறுநாள் அந்த லிங்கப்பன் பாக்கு வாங்க வருகிறவர்களிடமெல்லாம், நம்ம வீட்டுப் பையன் காலேஜுக்குப் போறான் என்கிறான். எந்த வீட்டுப் பையன்?

ஆகவே படித்த மட்டும் போதும். தை பிறந்ததும் பூவாத்தாள் கழுத்தில் தாலி ஏறட்டும். காலேஜ் எங்கும் ஓடிப்போகாது, பையன் போய்விடுவான்.

அக்காவுக்கு என் கும்பிடு. தங்கள் பட்டியும் பானையும் குறையாதிருக்க மாதேஸ்வரனை வேண்டும்,
மல்லப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பூவாத்தாள் வந்து நின்றாள். "ஏனுங்கப்பா, அவரு அங்க போறது சோத்துக்கும் இல்ல, கௌரம்மாளுக்கும் இல்ல. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போறாரு. அந்த வீட்ல படிக்கறப்ப பக்கத்துல உக்காந்து யாரும் பேசறதில்லீங்க. பரீட்சை தேறினாத்தான் தாலின்னு நாந்தான் சொல்லியிருக்கறேன்" என்கிறாள். ஆகையால் வண்டி அனுப்ப வேண்டாம். ஆரம்பம் முதல் என் யோசனையும் இதுதான். இனி எல்லாக் கிழமையும் பையன் நம் வீட்டிலேயே சாப்பிட்டுப் படிப்பான். அந்த நேரத்துக்கு நான் லிங்கப்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவேன். எத்தனை கிழமை தாங்குகிறான், பார்க்கலாம்.