பாஸா ஃபெயிலா என்று கேட்டீர்களே

அன்பும் மரியாதையும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் மகளும் சுகம். என் கழுத்துவலியும் சுகமாக இருக்கிறது, என்னை விட்டுப் போக அதற்கு மனமில்லை. அங்கே நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானுடைய முழங்கால் இப்போது மாடிப்படி ஏற ஒத்துக்கொள்கிறதா?

மூன்று வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை, ஒரே பிற்பகலில் உங்களுக்கு மூன்று முறை போன் செய்து மூன்று விதமாகச் சொன்னேனே, அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மூன்றாவது முறை நீங்கள், "நீ பேசப் பேச எனக்குத் தலை சுத்துது. அவ பாஸா ஃபெயிலா? நிதானமா உக்காந்து எழுதி அனுப்பு" என்று சொல்லி போனை வைத்துவிட்டீர்கள். நியாயம்தான். அத்தான் தன் பட்டறையில் மேற்பார்வையாளர் வேலையை மாதக் கடைசி வரை என் மகளுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். மேல்படிப்புக்குப் போகிறாளா, வேலைக்கு வருகிறாளா என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? பள்ளிச் சீருடை ஆர்டர் மலைபோலக் குவிந்ததால் உட்கார நேரமில்லை. இன்றுதான் கடையைச் சாத்திவிட்டு, துணி வெட்டும் மேஜையிலேயே காகிதத்தை விரித்திருக்கிறேன்.

அவள் எழுதியது எஞ்சினியரிங் முடித்தவர்கள் மேல்படிப்புக்காக எழுதும் நுழைவுத் தேர்வு. மூன்று மணி நேரம், அறுபத்தைந்து கேள்வி, நூறு மார்க். அறுபத்தைந்துக்கு எப்படி நூறு வரும் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. சில கேள்விக்கு ஒரு மார்க்காம், சிலவற்றுக்கு இரண்டாம். தேர்வு மையத்தின் வாசலில் நின்று நின்று கால் மரத்துப் போன பிறகு வெளியே வந்தாள். எல்லாம் எழுதினாயா என்றேன். நாற்பத்தொரு கேள்விதான் தொட்டேன் என்றாள், ஏதோ பஸ் எண்ணைச் சொல்வதுபோல. பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தேன். நாலு விடையில் ஒன்று சரி என்று கேள்வி போட்டவனே எழுதிக் கொடுத்திருக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட உனக்கு என்ன நோவு என்று கேட்டேன். "தப்பாத் தொட்டா இருக்கிறதையும் புடுங்கிக்குவாங்கப்பா" என்றாள். ஒரு மார்க் கேள்வி தப்பானால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுமாம், இரண்டு மார்க் கேள்வி தப்பானால் ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்காம். சரி, அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. விடையை எண்ணாக நாமே போட வேண்டிய கேள்விகளில் தப்பானால் கழிக்கமாட்டார்களாம். ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கும் கேள்விகளிலும் கழிக்கமாட்டார்களாம், ஆனால் சரியான மூன்றில் இரண்டை மட்டும் தொட்டால் ஒன்றுமே கிடையாதாம். பாதியாவது தர வேண்டாமா என்று கேட்டேன். "ஒரு கைய மட்டும் தச்சுக் குடுத்தா பாதி சட்டைன்னு யாராச்சும் வாங்கிக்குவாங்களாப்பா?" என்றாள். முன்சீட்டில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

ஆனாலும் மனது ஆறவில்லை அக்கா. இரண்டு நாள் கழித்து, கடையில் ஆள் இல்லாத மதியத்தில், அவளுடைய கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வைத் திறந்து நானே உட்கார்ந்தேன். எண்களைத் தட்டினால் ஒன்றும் விழவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று கவிழ்த்துத் தட்டினேன், இரண்டு குண்டூசியும் ஒரு சாக்பீஸ் துண்டும் விழுந்தன. அப்புறம்தான் தெரிந்தது, கீபோர்டைத் தொடவே கூடாதாம், திரையில் தெரியும் எண்களை மவுஸால் அமுக்க வேண்டுமாம். கால்குலேட்டரும் திரைக்குள்ளேதான், என் கடையில் இருக்கும் சட்டைகளைவிட அதற்குப் பொத்தான் அதிகம். முதல் பத்துக் கேள்வி பொது அறிவுக்கூர்மை. ஒருவன் வடக்கே நடந்து வலப்பக்கம் திரும்பினால் எங்கே இருப்பான் என்று ஒன்று. நானே எழுந்து நடந்து பார்த்தேன், வலப்பக்கம் திரும்பியதும் தையல் மெஷின் முட்டியில் இடித்தது, அந்த விடை நாலில் எதிலும் இல்லை. எண் போடச் சொன்ன இடங்களில் எல்லாம் வாடிக்கையாளர்களின் இடுப்பளவை வரிசையாகப் போட்டேன். ஒன்றுகூட விடாமல் அறுபத்தைந்தையும் எழுதி முடித்தேன். வந்தது மைனஸ் நாலு புள்ளி மூன்று மூன்று. உங்கள் தம்பி மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, நீங்க பாட்டுக்குப் படுத்துத் தூங்கியிருந்தால் பூஜ்யமாவது வந்திருக்கும் என்றாள். அன்று சாயங்காலம் மகளிடம், இருபத்துநாலு கேள்வியை விட்டது நல்லதுதான் என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்புறம் விடைப்பட்டியல் வந்தது. அதில் ஒரு கேள்வியே தப்பாம், அதனால் எல்லாருக்கும் மார்க்காம். எழுதினவர்களுக்கும் உண்டு, எழுதாதவர்களுக்கும் உண்டு. அப்படியானால் அறுபத்தைந்தையும் தப்பாகவே கேட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

இனி ரிசல்ட் வந்த அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அவள் தற்காலிகமாக வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் தன் பதிவு எண்ணை எழுதிக் கொடுத்து, எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ரிசல்ட் தாளை மட்டும் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள், அதை நான் மறைக்கவில்லை. தாளை வாங்கினேன். முதலில் கண்ணில் பட்டது நாற்பத்தாறு புள்ளி ஒன்று இரண்டு. நூற்றுக்கு நாற்பத்தாறு! அதுதான் உங்களுக்கு முதல் போன், போச்சு என்று. ஜெராக்ஸ் கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்து, இதோ ஐந்நூற்று எண்பத்தெட்டு என்று இருக்கிறதே, இது அறுநூற்றுக்காகத்தான் இருக்கும் என்றார். அது இரண்டாவது போன். நான் கடைக்குத் திரும்பியதும், கோட்டு அளவு பார்க்க வந்தவர் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு, மறு கையால் என் கையைக் குலுக்கினார். அதற்குள் உங்கள் தம்பி மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, ரேங்க் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு என்று படித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அது மூன்றாவது.

சாயங்காலம் மகள் வந்தபோது அம்மா ஒரு பக்கம் அழுகிறாள், கோட்டுக்காரர் ஒரு பக்கம் வாழ்த்துகிறார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, இதே மேஜையில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐந்நூற்று எண்பத்தெட்டு என்பது ஆயிரத்துக்கு. அது மார்க் அல்ல, மார்க்கிலிருந்து கணக்குப் போட்டுச் செய்வது. ரேங்க் என்பது தொண்ணூறாயிரம் பேரில். நாற்பத்தாறும் அவள் வாங்கியது அல்லவாம், வாங்கியது நாற்பத்து மூன்றரைச் சொச்சம்தானாம். காலையில் எழுதியவர்களுக்கு ஒரு தாள், மாலையில் எழுதியவர்களுக்கு வேறு தாள். கஷ்டமான தாளுக்குக் கொஞ்சம் ஏற்றுவார்களாம். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. முப்பத்தாறு அங்குல இடுப்பு எப்போது அளந்தாலும் முப்பத்தாறுதானே, சாப்பிட்ட பிறகு அளந்தால் வேண்டுமானால் அரை அங்குலம் கூடும் என்றேன். "அந்த அரை அங்குலத்தைத்தாம்ப்பா சரிபண்றாங்க" என்றாள். இந்தத் தேர்வில் எனக்குப் புரிந்தது இது ஒன்றுதான்.

அப்போது உங்கள் சார்பில் கேட்டேன், பாஸா ஃபெயிலா என்று. "பாஸ் ஃபெயில்னு இதுல இல்லப்பா. இருபத்தெட்டுக்கு மேல எடுத்தா தகுதி. மூணு வருஷம் செல்லும்." மருந்துப் பாட்டிலில் போட்டிருப்பார்களே, அதுபோலவா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். ஆனால் இடம் கிடைப்பது வேறு, அதை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகத்தான் சொல்லுமாம். பிறகு குரலை இறக்கி, "நான் கேட்ட காலேஜ் கூப்பிடுமான்னு எனக்கே தெரியலப்பா. அதான் யார்கிட்டயும் சொல்லவேணாம்னேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது அக்கா. ஊரெல்லாம் தண்டோரா போட்டவன் நான்தானே.

மூன்று வாரமாக யோசித்துவிட்டேன். இன்னும் எந்தக் கல்லூரியும் கூப்பிட்டதாக அவள் சொல்லவில்லை. வாங்கினது எத்தனை என்றே உறுதியாகத் தெரியாத தேர்வை நம்பி, கையில் இருக்கும் வேலையை விட முடியுமா? ஆகவே அத்தானிடம் சொல்லி அந்த வேலையை உறுதி செய்துவிடுங்கள். முதல் தேதி அவளைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நீங்களும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாரும் எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பெரியவர்களாகிய நீங்கள் எங்களை வாழ்த்த வேண்டும்.

இப்படிக்கு,
குழம்பினாலும் உங்கள் பேச்சைத் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் வந்து இதை வாங்கிப் படித்தாள். மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். நீங்கள் போனை வைத்த மறுநாளே உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவள் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்த செய்தி முந்தாநாள் வந்ததும் உங்களிடம் சொன்னாளாம். அத்தானும் பட்டறைக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டாராம். பெற்ற அப்பனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அத்தைதாம்ப்பா பொறுக்கச் சொன்னாங்க. உங்கப்பா எனக்கு ஒரு வரி எழுதிப் பதினாறு வருஷம் ஆச்சு, இப்பவே சொல்லிட்டா பேனாவக் கீழ வச்சிருவான், எழுதி முடிக்கட்டும்னாங்க" என்றாள். எழுதி முடித்துவிட்டேன் அக்கா. நீங்கள் பதில் போடுங்கள்.