மூன்று மாட்டினியிலும் நான் பார்க்காத பேய்

திருவனந்தபுரம்,
கொல்லம் 1128 ஆனி 11, வியாழன்.

ஆசிரியர் அவர்களுக்குத் திருவனந்தபுரம் நிருபர் சிவதாணுவின் வணக்கம். அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி பகவதிப்பெருமாளுக்கு ஆசி. இங்கே நான் சௌக்கியம். அடுக்களை ஓட்டில் மூன்று உடைந்துவிட்டதால் மழையும் வீட்டுக்குள்ளே சௌக்கியமாக இருக்கிறது. நாகர்கோவிலில் நீயும் குழந்தைகளும் நலமா என்பது உன் தந்தியிலிருந்து தெரியவில்லை. அதில் “பேய் எங்கே?” என்று மட்டும் இருந்தது.

கேள்வி நியாயமானதுதான். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் மூன்று வாரமாக அந்தப் பேய்ப்படம் ஓடுகிறது. மூன்று முறை மாட்டினி பார்த்தும் நான் விமர்சனம் அனுப்பவில்லை. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் சினிமாப் பத்தியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய். அதில் எனக்குக் கோபமில்லை. உன் அக்காள் உலகம்மை போன பிறகு, வாரத்தில் ஒரு நாளாவது என்னைச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப வைப்பது அந்தப் பத்திதான் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் முப்பத்தொரு வருஷமாகக் கண்ணால் காணாத எதையும் கண்டதாக நான் எழுதியதில்லை. அந்தப் பேயை நான் இன்னும் காணவில்லை.

படத்தைச் சொல்கிறேன். மற்றப் பேய்கள் முதல் ரீலிலேயே வந்து சிரித்துவிட்டுப் போகும். ஜனங்களும் சிரித்துவிட்டுக் கடலை வாங்கப் போவார்கள். இதில் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் வரை ஒன்றுமே நடப்பதில்லை. மலைத்தோட்டத்து பங்களா ஒன்றுக்கு ஒரு பெண் வாழ்க்கைப்பட்டு வருகிறாள். மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. யாரும் உட்காராத நாற்காலி ஒன்று காலையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. சிவப்புத் தரையில் ஒரே ஒரு ஈரக் காலடி. அது உலர்ந்து மறையும் வரை காமிரா நகர்வதில்லை, நாமும் நகர்வதில்லை. சோடா விற்பவர்கூட நடைபாதையில் நின்றுவிடுகிறார். பயம் வரவில்லை, வந்துகொண்டே இருக்கிறது. ஜனங்களை மறுபடி மறுபடி இழுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் அந்த அறைக் கதவு மெல்லத் திறக்கிறது. பேய் வருவது அப்போதுதான்.

முதல் முறை கதவு திறந்தபோது, பக்கத்தில் இருந்த பலசரக்குக்கடை ஆறுமுகநயினார் துள்ளிய துள்ளலில் அவர் பொடிமட்டையிலிருந்த மூக்குப்பொடி முழுவதும் என் கண்ணில் விழுந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் கதாநாயகி தரையில் கிடக்கிறாள்.

“பாத்தீரா வேய்? முடி தரையிலே இழையுது!”

“உம்ம பொடியைத்தான் வேய் பாத்தேன்.”

இரண்டாம் முறை கதவு திறந்த அதே நொடியில் மழைக்குக் கரண்ட் போயிற்று. திரும்ப வந்தபோது படம் கதாநாயகி கிடக்கும் இடத்திலிருந்து தொடர்ந்தது. இருட்டில் ஆபரேட்டர் கொஞ்சம் தாண்டி ஓட்டிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் வெளியே வரும்போது அடுத்த வீட்டு முத்தாரம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “தலையே இல்ல அண்ணாச்சி, கழுத்தோட சரி” என்றாள்.

“முடி தரையிலே இழையுதாமே. தலை இல்லாம எப்படிம்மா?”

“அதுனாலதானே அது பேய்!”

“கரண்டு போயிட்டே?”

“கரண்டு போனா நமக்குத்தான் இருட்டு. அதுக்கு என்ன அண்ணாச்சி?”

மூன்றாம் முறை, நேற்று. முன்வரிசை பெஞ்சில், இரு புறமும் ஆளில்லாத இடமாகப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை நூலால் காதோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பொடி இல்லை, மழை இல்லை. கதவு திறந்தது. நானே கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கதாநாயகி தரையில் கிடந்தாள்.

அந்தக் காத்திருப்பு எனக்குப் பழக்கமானது. ஆஸ்பத்திரியில் நாற்பத்துமூன்று நாள் உன் அக்காள் கட்டிலருகே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மூச்சு ஒன்று வரும். அடுத்தது வருமா என்று பார்த்திருப்பேன். அவள் போன நேரம் நான் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்ததாக உனக்கு எழுதினேன். பகவதிப்பெருமாளே, அது பொய்ச் செய்தி. நான் அனுப்பியதில் அது ஒன்றுதான். நான் அறையில்தான் இருந்தேன். அடுத்த மூச்சு வரப்போவதில்லை என்று தெரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது நர்ஸ் துணியை மேலே இழுத்துவிட்டிருந்தாள். “கடைசியிலே அக்கா எப்படி இருந்தா அத்தான்?” என்று நீ வந்து கேட்டாய். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கும் உன் தந்திக்கும் ஒரே பதில்தான்: நான் அங்கே இருந்தேன், பார்க்கவில்லை.

இனிப் பத்தியை யாரிடம் கொடுப்பதானாலும் கொடு. வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் அருளட்டும். குழந்தைகளை ஈரத்தில் விளையாட விடாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்
சிவதாணு

பின்குறிப்பு: வெள்ளி மாலை. இதை நாகர்கோவில் பஸ்ஸில் கொடுத்தனுப்புமுன் நாலாவது மாட்டினிக்குப் போனேன். கதவு திறந்தது. நான் கண்ணை மூடவில்லை. பேய் வந்தது. முகத்தில் அரிசிமாவு, தலையில் சணல், இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய வெளுத்த தடம். இருபது விநாடி நின்று சிரித்தது. கொட்டகையில் ஒருவரும் அலறவில்லை. பிறகு ஆறுமுகநயினார் பெஞ்சின் மேல் ஏறி நின்று, “இது யாருடே? நாங்க பாத்த பேய் எங்கே?” என்று கத்தினார். “இதுக்குத் தலை இருக்கே!” என்றாள் பெண்கள் பக்கத்திலிருந்து முத்தாரம்மாள். பெஞ்சுகளைத் தட்டத் தொடங்கினார்கள். படத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்த ஆபரேட்டர் வேலாயுதனைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

“சாரே, சத்யமாயிட்டு சொல்லுதேன். பேய் வாற ரீலு பெட்டியிலயே இல்ல. கொல்லத்துல வேற பெட்டியோட போயி, இன்னைக்குக் காலைலயாக்கும் வந்தது. மூணு வாரமா நீங்க எல்லாரும் எதைக் கண்டு நெலவிளிச்சு அலறுனீங்கன்னு எனக்கே பயம்.”

நாளை முதல் அந்த ரீலை எடுத்துவிட்டே ஓட்டப் போகிறாராம்.

ஆகவே, பேயை நான் பார்க்கத் தவறினேன் என்று மேலே வரும் இடங்களையெல்லாம் அடித்துவிடு. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. உலகம்மையைப் பற்றி எழுதியதை மட்டும் அடிக்காதே. அங்கே பார்க்க இருந்தது. நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் பயப்படும்படி ஒன்றும் தெரிந்திருக்காது. உன் அக்காள் முகம்தான் தெரிந்திருக்கும்.