மீனுக்கு அம்மை வந்த வீடு

அடுத்தவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் தைரியமாகப் பார்த்துக்கொள்ளலாம். பசித்தால் அழும், வலித்தால் அழும். அடுத்தவர் மீனை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அது எதற்கும் வாயைத் திறந்து மூடும், அவ்வளவுதான். நாமாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டியது. நானும் ஒரு தடவை அப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயம் அது. திருத்தணியிலும் ரயில் ரயிலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் தையல் மிஷினைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார், ஒருவர் கோழிக்கூண்டை. சரோஜா மட்டும் இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மீன்கள் தனியாக மண்பானையில் வந்தன. சிவப்பில் இரண்டு, கறுப்பில் ஒன்று, கோடு போட்ட பொடிசுகள் நாலைந்து, எல்லாம் ஒரே தொட்டியில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின.

நான் பள்ளிப்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமியாரும் தறியும் தவிர அந்த ஊரில் எனக்கு வேறு பழக்கம் கிடையாது. பக்கத்துத் தெருவில் குடிவந்த சரோஜாதான் என் முதல் சிநேகிதி. நான் தறியில் உட்கார்ந்தால் என் பிள்ளை தணிகாசலத்தைத் தூக்கிக்கொண்டு போய் மீனுக்கு முன்னால் உட்கார வைப்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளைக்கு முதலில் வந்த வார்த்தை 'மீ'. 'அம்மா' அதற்கப்புறம்தான் வந்தது. (எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.)

பட்டணத்திலேயே வேலைக்குத் தங்கிவிட்ட அவள் புருஷனுக்கு விஷக்காய்ச்சல் என்று தகவல் வந்தது. சரோஜா தொட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

"புதுசா எந்த மீனையும் இதுல வுடாதே. மேல வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா ஒரு கை கல்லுப்பு போடு. நீ பாத்துக்குவேன்ற தைரியத்துலதான் போறேன்" என்றாள்.

"ஆங், நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்றேன். அவள் தெருவைத் தாண்டியிருப்பாளோ என்னவோ, அடிவாரக் குளத்திலிருந்து இரண்டு கெண்டைக்குஞ்சு பிடித்துவந்து அதில் விட்டேன். வெளியூர் மீன்கள் அல்லவா, உள்ளூரில் நாலு பேரைத் தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்.

சில நாளில் சிவப்பு மீன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. உடம்பைக் கூழாங்கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. நான் உப்புப் பானையில் கையை விட்டேன். மாமியார் எட்டிப் பார்த்தவர், சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கைய எடும்மா. அம்மா வந்துகீறா. முத்து போட்டுகீறா பாரு."

"மீனுக்குமா வரும், அத்தை?"

"ஏன், அதுக்கு உடம்பு இல்லையா?"

அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, வந்தவருக்கு உப்பு ஆகாது. உப்பை மறுபடி பானையில் போட்டேன். வாசலில் வேப்பிலை செருகினோம். தொட்டியில் மஞ்சளைக் கரைத்தோம், கூழ் ஊற்றினோம், அரிப்புக்குத் தடவிக்கொள்ள ஒரு வேப்பங்கொத்தையும் உள்ளே தொங்கவிட்டோம். என் வீட்டுக்காரர் ரசத்துக்குக் கடுகு தாளித்துக் கேட்டார். மாமியார் பார்த்த பார்வையில் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஒரு நாள் நான் கொல்லையில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து, "பட்டணத்துலேருந்து சரோஜா வந்துச்சு. அம்மா வந்துகீறான்னு வாசலோட அனுப்பிட்டேன்" என்றார்.

"அது என்ன கேட்டுச்சு?"

"என்னத்த கேக்கும்? வேப்பிலையப் பாத்துது, கையெடுத்துக் கும்பிட்டுது, போய்கினே இருந்துச்சு."

அம்மை வந்த வீட்டு வாசலில் யாருக்கு என்று விசாரிக்க மாட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்றும் சொல்ல மாட்டார்கள். தெருமுனைக்குள் ஓடிப் பிடித்திருக்கலாம். நான் ஓடவில்லை. கெண்டைக்குஞ்சு சமாசாரத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தவளுக்கு, தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அவளுக்கு மீனைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும், ஒரு கை உப்போடு காரியம் முடிந்திருக்கும்.

பிறகு வெள்ளைப் புள்ளிகள் தாமாகவே உதிர்ந்தன. "அம்மா இறங்கிட்டா" என்று மாமியாருக்குச் சந்தோஷம். தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே. தண்ணீரிலேயே இருப்பதற்கு எப்படி ஊற்றுவது என்று குழம்பி, கடைசியில் மேலாக ஒரு சொம்பு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் புள்ளிகள் திரும்பி வந்தன, மீனே தெரியாத அளவுக்கு. அப்புறம் ஒவ்வொன்றாக மல்லாந்தன. செத்துவிட்டது என்று சொல்லக் கூடாதாம், குளிர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமாம். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் புதைத்தேன். கெண்டைக்குஞ்சுகளும் குளிர்ந்துவிட்டன.

வேப்பிலையை எடுத்துவிட்ட பிறகு சரோஜா வந்தாள், தலையில் முக்காடு. நேரே தணிகாசலத்தை வாரி எடுத்து, முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு தழும்புகூட இல்ல. முருகன் என்னைக் கைவுடல."

பிள்ளை முக்காட்டைப் பிடித்து இழுத்தான். உள்ளே மொட்டை. முழங்காலைத் தொடும் முடி அவளுக்கு, நானே எத்தனையோ நாள் சிக்கெடுத்துவிட்டிருக்கிறேன்.

அன்றைக்கு எங்கள் வாசலிலிருந்து நேரே மலையேறி, குழந்தைக்குச் சரியாக வேண்டும் என்று முடியைக் கொடுத்துவிட்டுத்தான் பட்டணத்துக்கு ரயில் ஏறியிருக்கிறாள். ரயிலில் ஒருத்தி, "எப்பம்மா போனாரு?" என்று துக்கம் கேட்டாளாம். உயிரோடு இருக்கும் புருஷன் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லையாம். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தொட்டிப் பக்கம் திரும்பாமல் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டேன்.

மாமியாருக்குப் பொய் வராது. "அவனுக்கு ஏம்மா தழும்பு வருது? அம்மா வந்தது உன் மீனுங்களுக்கு இல்ல?" என்றார்.

சரோஜா தொட்டியைப் பார்த்தாள். அதில் அப்போது புளி கொட்டி வைத்திருந்தோம். மெதுவாகத் தன் தலையைத் தடவிக்கொண்டாள்.

"உப்பு போட்டியா?" என்று என்னைக் கேட்டாள்.

"அம்மை வந்த வூட்ல எப்படிம்மா உப்பு..." என்று மாமியார் இழுத்தார்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மாமியாரும் கூடச் சிரித்தார். சரோஜாவின் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "புள்ள நல்லாக்கீறான், அது போதும்" என்று சொல்லிப் போனாள். என்னிடம் அவள் பேசியது அதுதான் கடைசி. அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். தொட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை.

தணிகாசலத்துக்கு முப்பது வயதுக்குள் முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. எந்தத் தைலத்துக்கும் அசையவில்லை. சரோஜா கொடுத்த முடியை முருகன் இவன் தலையிலிருந்து எடுத்து அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறார் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவைத்தார். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் இன்றைக்கும் யாராவது அதைச் சொல்வார்கள், அவனே குனிந்து தலையைக் காட்டுவான், வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவளுக்கு முடி வளர்ந்ததா என்று மட்டும் எனக்குத் தெரியாது.